கட்டை வைத்த வண்டிகள்

எதையும் தொடாமல் பார்த்துவிட்டு மட்டும் வா என்றுதான் அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள். சின்னவன் தொட்டது ஒரே ஒரு மரக்கட்டையை. அதற்கே ஒரு கார் கிளம்பிப் போய்விட்டது.

அவன் மேல் முழுத் தப்பும் இல்லை. பாதித் தப்பு ஜன்னலுடையது. அண்ணி பார்த்துவரச் சொன்னது சர்வீஸ் சென்டரின் பின்பக்கம் வரிசையாக இருந்த அறைகளை. ஒவ்வொன்றுக்கும் யார்டைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல். அத்தனையும் சின்னவனின் தலைக்கு மேலே. அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, மீசையில் பாதி வெளுத்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு இளைய பிள்ளையாகப் பிறந்த குற்றத்துக்காக உலகமே அவனை இன்னும் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறது. உயரமும் அந்தப் பெயருக்கு விசுவாசமாக அங்கேயே நின்றுவிட்டது. ஏறி நிற்க என்ன கிடைக்கும் என்று தேடியபோது, சரிவில் நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை தென்பட்டது. காருக்கு நாலு சக்கரம் இருக்கிறது, இந்தக் கட்டை எதற்கு அநாவசியமாக என்று உருவினான். கார் ஒன்றும் சொல்லவில்லை. கட்டையை ஜன்னலுக்குக் கீழே போட்டு ஏறி, எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஒரு தொப்பைக்காரர் தன்னந்தனியாக சோபாவில் உட்கார்ந்து, பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார். அதே சோபா. அதே பூப்போட்ட கோப்பை. அண்ணியை உட்கார வைத்திருக்கும் அறையை அப்படியே அச்செடுத்தது போல் இருந்தது. இது ஸ்பெஷல் கஸ்டமர் ரூம், உங்களுக்காகவே திறந்துவிட்டோம் என்று மேனேஜர் சொன்னபோது, நம்ம ராசி மாறிவிட்டது என்று சின்னவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். இப்போது அந்த ராசி பக்கத்து அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கேட்டது. திரும்பினான். வெள்ளைக் கார், ஆளே இல்லாமல், எந்த அவசரமும் இல்லாமல், உண்ட களைப்பில் கிளம்பிய பெரிய மனுஷனைப் போல் பின்பக்கமாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் பாய்ந்துபோய் அதன் பானெட்டில் இரண்டு கையையும் வைத்தான். அடுப்பு மாதிரி சுட்டது. கையை உதறிவிட்டு பம்பரைப் பிடித்து இழுத்தான். கார் அவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயர விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கீழே, 'உங்கள் புன்னகை எங்கள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. கார் அதில் போய் மோதியதில் அப்பா இடுப்போடு முறிந்தார். மற்ற மூவரும் சிரித்துக்கொண்டே மல்லாந்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அறைக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் அறையிலிருந்து தொப்பைக்காரர், கையில் பாதி பிஸ்கட்டோடு. அடுத்ததிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அதற்கடுத்ததிலிருந்து நெட்டையான, முகத்தில் கோபத்தை நிரந்தரமாகவே குடிவைத்த ஒருவர். கடைசி அறையிலிருந்து அண்ணியும் நர்ஸம்மாவும். அண்ணி முதலில் காரைப் பார்த்தாள், பிறகு ஜன்னலுக்குக் கீழே கிடந்த கட்டையை, பிறகு சின்னவனை. திட்டு விழப்போகிறது என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். அவள் கண்ணில் ஒரு சந்தோஷம் மின்னியது. திட்டே தேவலை என்று தோன்றியது அவனுக்கு.

அண்ணி என்றால் சின்னவனின் சொந்த அண்ணன் மனைவி. நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து நஷ்டம் சொல்லும் வேலையில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். பொய்யாக எழுதச் சொன்னார்கள் என்று ராஜினாமாக் கடிதத்தை மட்டும் உண்மையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். ஜெராக்ஸ் கடை, மீன்தொட்டி வியாபாரம் என்று தொட்டதையெல்லாம் மூடிக்கொண்டிருந்த கொழுந்தனை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். இவனை வெளியே விட்டால் மூடுவதற்கு ஊரில் கடை மிச்சமிருக்காது என்பது அவள் கணக்கு.

நர்ஸம்மாவின் விவகாரம் பெரிதாக ஒன்றும் சிக்கலானதில்லை. அதுதான் அதில் கொடுமை. படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். அதற்காகவே ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வாங்கினாள். ஒரு நாள் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து, வாசல் சரிவில் நிறுத்தி, கியரை 'பி'யில், அதாவது வண்டியை நகரவிடாமல் நிறுத்தி வைக்கும் பார்க்கிங் கியரில், போட்டுவிட்டு இறங்கினாள். பை எடுக்க நாத்தனார் காரின் பின்பக்கம் போனாள். கார் பின்னால் உருண்டது. நாத்தனாரின் தொடை எலும்பு முறிந்தது. கம்பெனிக்காரர்கள் வண்டியை எடுத்துப்போய்ப் பார்த்து, கியர் பெட்டியில் குறையே இல்லை, 'பி'யில் போடாமல் இறங்கியதுதான் தப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாத்தனார் அன்றிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. நாளைக்கு லைசென்ஸ் அலுவலகத்தில் விசாரணை. தப்பு என்னுடையதுதான் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்தால் விஷயத்தைச் சின்னதாக முடித்து வைப்பதாக மேனேஜர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் அவளை எதிர்பார்த்துப் படுத்திருக்கிறவர்கள் படுத்தேதான் இருக்க வேண்டும்.

"போட்டேன்னு எனக்குத் தெரியும். செய்யாத தப்புக்கு என் கை கையெழுத்துப் போடாது" என்று காலையில் காரில் ஏறும்போதே அவள் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் ஓடிவந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, எந்தச் சமயத்திலும் கழற்றாத ஒரு புன்னகை. அடிபட்ட காரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், கதவுகளில் நின்றவர்களிடம்தான் நேராகப் போனார். ஒன்றுமில்லை, சின்ன சத்தம், தயவுசெய்து அவரவர் அறைக்குப் போய் உட்காருங்கள், சூடாக இன்னொரு காபி வரும் என்று கெஞ்சினார்.

இதை அண்ணியும் கவனித்தாள். "தம்பி, கார் உடைஞ்சு கிடக்கு. இவர் எதுக்கு ஆளுங்களை மூடி வைக்கப் பார்க்கிறார்?" என்று சின்னவன் காதில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்த மூவரின் நடுவில் போய் நின்று, உங்களுக்கெல்லாம் என்ன வண்டி என்று சாதாரணமாக விசாரித்தாள்.

மூவருக்கும் ஒரே வண்டி. நர்ஸம்மா வைத்திருக்கும் அதே வண்டி.

தொப்பைக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போதெல்லாம் வண்டி எட்டி உதைக்கிறது, மூன்றடுக்குக் கேக் கிளம்பினால் போய்ச் சேரும்போது ஓரடுக்காக இருக்கிறது என்றார். கண்ணாடிக்கார அம்மாள் பல் டாக்டர். வண்டி சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது யோசிக்கிறது, பின்னால் இருப்பவர்கள் தன் பரம்பரையையே விசாரிக்கிறார்கள் என்றாள். நெட்டைக்காரர் மற்ற இருவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டர்.

"ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவன்ங்க நான். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. அதுவும் ஒரு சின்னப் பொண்ணை விட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்ல வச்சாங்க."

இப்படி வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா என்று கேட்டீர்களா என்றாள் அண்ணி. கேட்காமலா. மூவருக்கும் கிடைத்த பதிலும் ஒன்றே. உங்கள் ஒருவர் வண்டியில் மட்டும்தான் இப்படி. உங்களுக்கு மட்டும்தான். பல் டாக்டரம்மா பேக்கரிக்காரரைப் பார்த்தாள், பேக்கரிக்காரர் மாஸ்டரைப் பார்த்தார். ஊருக்கே ஒரே ஒரு ஆள், அந்த ஒரே ஆள் நாலு பேராக நிற்கிறார் என்றான் சின்னவன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே பிறகு அது நகைச்சுவையாகத் தோன்றவில்லை.

"குறை சொல்ல வர்றவங்களுக்கு எந்தக் கடையில தனி ரூம் குடுத்து பிஸ்கட் குடுக்கிறாங்க?" என்றாள் அண்ணி. "பொதுவா பெஞ்சுலதான் காக்க வைப்பாங்க. பெஞ்சுல உட்கார்ந்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசிடுவீங்களே."

அதற்குப் பிறகு மேனேஜர் என்ன கெஞ்சியும் ஒருவரும் அறைக்குத் திரும்பவில்லை. பேக்கரிக்காரர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டை மேனேஜரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மேனேஜர் புன்னகையைச் சரிசெய்துகொண்டு சின்னவன் பக்கம் திரும்பினார். வெளியாள் ஒருவர் அனுமதியில்லாமல் யார்டுக்குள் நுழைந்து கட்டையை எடுத்திருக்கிறார், காரை நகர்த்திச் சேதப்படுத்தியிருக்கிறார், போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னார். சின்னவன் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான். ஆனால் அண்ணி முகத்தில் சலனமில்லை. கூப்பிடுங்கள், அதற்குள் ஒரு சந்தேகம் என்று யார்டின் ஒரு பக்கத்தைக் காட்டினாள்.

சரிவில் கார்கள் வரிசையாக நின்றன. பெரியது, சின்னது, சிவப்பு, நீலம். அந்த ஒரு மாடல் வண்டிகள் அத்தனைக்கும் பின்சக்கரத்தில் கட்டை. மற்ற எதற்கும் இல்லை.

கட்டை என்பது பாதுகாப்பு விதி என்றார் மேனேஜர். அப்படியானால் மற்ற வண்டிகளுக்கு ஏன் பாதுகாப்பு வேண்டாமா என்று மாஸ்டர் கேட்டார். பெயிண்ட் அடிக்கிறவர்கள் மறந்து வைத்திருப்பார்கள் என்றார் மேனேஜர். அவ்வளவு கட்டையையும் ஒரே மாடலாகப் பார்த்து மறந்தார்களா என்று கேட்டாள் பல் டாக்டரம்மா. மாஸ்டர் நடந்துபோய் வெள்ளைக் காரின் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். கியர் 'பி'யில்தான் இருந்தது. இடித்த பிறகு யாராவது மாற்றியிருக்கலாம் என்றார் மேனேஜர், பார்வையைச் சின்னவன் மேல் வைத்து. நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு இழுபட்டேன், கியர் மாற்ற எனக்கு மூன்றாவது கை வேண்டும் என்றான் அவன்.

பிறகு, சண்டை போடத் தெரியாதவர்கள் கேட்பதைப் போல் சாதாரணமாகவே கேட்டான். "சார், எனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது. 'பி'யில போட்டா இந்த வண்டி நிக்குமா, நிக்காதா?"

வண்டியின் செயல்பாடு பல்வேறு சூழ்நிலைகளைப் பொறுத்தது என்று ஆரம்பித்து, சாலையின் தன்மை, ஓட்டுகிறவர் பழக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்து, எங்கள் வாடிக்கையாளர்களின் நலனே எங்களுக்கு முக்கியம் என்பதில் கொண்டுபோய் முடித்தார் மேனேஜர். ஊருக்கு வழி கேட்டவனைப் பஸ் ஸ்டாண்டையே பத்துத் தரம் சுற்றவிட்டது போல் இருந்தது.

அண்ணி பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க சார். இவங்க கையெழுத்துப் போட்டுடுவாங்க."

நர்ஸம்மா வெடுக்கென்று திரும்பினாள். சின்னவனுக்கு அண்ணியை முதல் முறையாக யாரோ மாதிரி தெரிந்தது. காலையிலிருந்து தலை நிமிர்ந்து நின்ற ஒரு பெண்ணை இப்படிப் பேரம் பேசி விற்கிறாளே என்று மனசுக்குள் திட்டினான். அண்ணி அவனைச் சட்டை செய்யவில்லை.

"இவங்களுக்கு நிறுத்தத் தெரியலைன்னுதானே சொல்றீங்க. சரியா எப்படி நிறுத்தணும்னு ஒரு தரம் நீங்களே காட்டிடுங்க. இவங்க வண்டியிலயே. அதைப் பார்த்துட்டுப் போடட்டும். மத்தவங்களும் கத்துக்குவாங்க."

மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. ஆனால் நர்ஸம்மாவின் கார் பக்கம் போனவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டி இப்போதுதான் நெரிசலில் வந்திருக்கிறது, நன்றாகச் சூடாக இருக்கிறது, இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், ஆறட்டும், காலையில் காட்டுகிறேன் என்றார்.

"ஓடுறதுக்கு ஆறணும்னா புரியுது" என்றாள் அண்ணி. "நிக்கறதுக்கு எதுக்கு சார் ஆறணும்?"

நர்ஸம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் வண்டியை எடுத்துப்போய்ச் சோதித்தபோதும் இராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, காலையில்தான் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அப்படித்தான். ஆறி அடங்கிய வண்டி எல்லாம் சாதுவாகத்தான் இருந்திருக்கிறது.

இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க முடியாமல் மேனேஜர் ஏறி உட்கார்ந்தார். மாடி ஷோரூமுக்கு வண்டி ஏற்றும் சரிவுப் பாதையில் பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள் அண்ணி. நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிவிட்டு, வகுப்பெடுக்கும் குரலில் சொல்ல ஆரம்பித்தார். முதலில் கால் பிரேக். அப்புறம் கியரை 'பி'க்குத் தள்ள வேண்டும். அவ்வளவுதான். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் போட வேண்டிய அவசியமே இல்லை, 'பி' ஒன்றே போதும், வாங்கும்போதே இதைத்தான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம் என்றார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

அவர் வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்து முடித்திருந்தது. இழுத்தது அவருக்கே தெரியவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பதைக் கண்டு அவரும் குனிந்து பார்த்தார். புன்னகை அப்போதுதான் முதல் தடவையாகக் கழன்றது.

"கை பழக்கம் சார்" என்றாள் அண்ணி மெதுவாக. "தினமும் செய்யற கைதான் இப்படித் தானாப் போகும். வாய் கம்பெனிக்கு வேலை பார்க்குது. கை உங்க வீட்டுக்காரங்களுக்கு வேலை பார்க்குது போல."

சின்னவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணி விற்கவில்லை. தூண்டில் போட்டிருக்கிறாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மனசுக்குள் அவளைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள்ளேயே காலில் விழுந்து எழுந்தான்.

மேனேஜர் சமாளித்துக்கொண்டார். ஏதோ ஞாபகத்தில் இழுத்துவிட்டேன், அது இல்லாமலும் நிற்கும் என்றார். குரலில் முன்பிருந்த வழவழப்பு இல்லை.

அப்போது நர்ஸம்மா நடந்தாள். அண்ணி அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணியே ஒரு கணம் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள். நர்ஸம்மா அதை விலக்கிவிட்டு, சரிவில் ஏறி, காருக்குப் பின்னால் போய், பின்பக்கக் கண்ணாடிக்கு நேராக, நாத்தனார் நின்ற அதே மாதிரி நின்றாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"இப்ப ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க சார். இறக்கிட்டு, காலையும் எடுங்க. 'பி' போதும்னு சொன்னீங்களே. எனக்கு ஓட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் நிக்கறேன்."

மேனேஜர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். நகருங்கள் மேடம் என்றார். அவள் நகரவில்லை.

டிரைவிங் மாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு ஏறிப்போய் அவள் பக்கத்தில் நின்றார். பல் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். பேக்கரிக்காரர், இந்த உடம்புக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று முணுமுணுத்தபடி போனார். சின்னவனுக்கு முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பேசி, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தன. இருந்தாலும் போனான். ஒரு காலைச் சரிவிலும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு காலை ஓரத்துப் புல்லிலும் வைத்து நின்றான். அண்ணி ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்றாள். ஒரு கை உள்ளே நீண்டு, ஹேண்ட் பிரேக்கை எந்த நேரமும் பிடித்துவிடத் தயாராக இருந்ததைச் சின்னவன் பார்த்தான். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான்.

யார்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மேனேஜரின் கை பிரேக்கின் பிடி மேல் போனது, பட்டனை அழுத்தவில்லை. விரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வழிந்ததைத் துடைக்க இன்னொரு கையைக்கூட எடுக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்க்கச் சின்னவனுக்குப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து இவரைக் கிண்டலடிக்கச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயிலிருந்து எங்கேயோ போய்விட்டது. புல்லில் வைத்திருந்த காலையும் எடுத்துச் சரிவில் வைத்தான்.

"சார்" என்றான். "யாரையும் மாட்டி விடறதுக்குக் கேக்கலை. இந்த அம்மாவோட நாத்தனார் வீட்டுல கட்டோட படுத்திருக்காங்க. இவங்கதான் காலை உடைச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க. சூடான வண்டி 'பி'யில நிக்குமா, நிக்காதா?"

மேனேஜர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி முன்னால் வைத்தார். கண்ணாடியில் தெரிந்த நர்ஸம்மாவிடமிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

"எங்க வீட்டுலயும் இதே வண்டிதான்" என்றார். "ஹேண்ட் பிரேக் போடாம இறங்கவே கூடாதுன்னு என் வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"எனக்கு ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சின்னவனைத் தேடிப் பார்த்து, அவனிடம் சொன்னார்.

"நிக்காதுங்க. எங்களுக்குத் தெரியும். நாளைக்கு விசாரணையில கேட்டாலும் நிக்காதுன்னுதான் சொல்வேன். இப்ப தயவுசெஞ்சு எல்லாரும் பின்னாலேர்ந்து வாங்க."